சாரலில் சைக்கிள்: குமரி மாவட்டத்து மழைக்கும் காற்றுக்கும் ஏற்ற உடையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

குமரி மாவட்டத்துச் சமவெளியில் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே சைக்கிள் ஓட்டக் குளிருக்கான உடை வேண்டும் என்று நாகர்கோவிலில் யாரிடமாவது சொன்னால், காஷ்மீருக்கா புறப்பாடு என்றுதான் கேட்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஓர் ஆடி மாதக் காலையில் பருத்தி டி-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையுமாக, பூதப்பாண்டி வழியாகத் தடிக்காரன்கோணம் தாண்டிக் கீரிப்பாறைப் பக்கம் ஏறினேன். வழியெல்லாம் சாரல். ஏறும்போது உடம்பு சூடாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை; திரும்பி இறங்கியபோதுதான் பற்கள் தந்தியடித்தன. ஒரு சாயாக்கடையில் நின்று, தம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும், சாயா தளும்பிக் கால்மேல் சிந்தியது. கடைக்காரப் பெரியவர் தம் தோளில் கிடந்த துவர்த்தை எடுத்து நீட்டி, “முதல்ல அந்தச் சட்டயக் கழத்து மக்கா, சாயா பொறவு குடிக்கலாம்” என்றார். சட்டையைக் கழற்றி, துவட்டி, அவர் கொடுத்த பழைய செய்தித்தாளை நெஞ்சோடு வைத்து, பிழிந்த சட்டையை அதன்மேல் மாட்டிக்கொண்டு புறப்பட்டேன். வீடு வரும்வரை நடுக்கம் திரும்பவில்லை.

அன்றைக்கு வெப்பநிலை 23 அல்லது 24 டிகிரிதான் இருந்திருக்கும். நடுக்கத்துக்குக் காரணம் ஈரமும் காற்றும் சேர்ந்ததே. நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். தோலில் ஒட்டிய ஈரத்துணி உடம்பின் சூட்டை வெளியே கொண்டுபோய்க்கொண்டே இருக்கும். அந்த ஈரம் ஆவியாகும்போது ஒவ்வொரு கிராமுக்கும் ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். இறக்கத்தில் 40 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு இந்த இரண்டும் ஒன்றாக நடக்கின்றன. எனவே நம் ஊர் உடைத் தேர்வு, எப்படி நனையாமல் இருப்பது என்ற கேள்வியில் தொடங்கினால் தவறாகிவிடும். எப்படியும் நனைவோம், மழையால் இல்லாவிட்டால் வியர்வையால். நனைந்த பின் காற்று உள்ளே புகாமல் பார்ப்பதும் விரைவாக உலர்வதும்தான் நமக்கு வேண்டியவை.

முதற்படி: எந்தப் பருவம், எந்தப் பாதை

கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைய வைப்பவை இந்த மாவட்டத்துக்குக் கிடைக்கும் இரண்டு பருவமழைகள்தாம். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவத்தில் சாரல் நீளமாகவும், காற்று ஓயாமலும் இருக்கும். கல்குளம், விளவங்கோடு பகுதிகளிலும் மலையோரத்திலும் மழை மிகுதி, கிழக்கே போகப் போகக் குறைவு. ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவத்தில் காலை வெளுத்திருக்கும், பிற்பகலில் இடியோடு கொட்டித் தீர்க்கும். முதலாவதற்குக் காற்றைத் தடுக்கும் மெல்லிய உடை போதும். இரண்டாவதற்குச் சுருட்டிப் பையில் வைக்கக்கூடிய உண்மையான மழைச் சட்டை வேண்டும். இடி இடிக்கும்போது எந்தச் சட்டையும் உதவாது, ஒதுங்கி நிற்பதே முறை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்ததுபோன்ற நாள்களைப் பற்றி இங்கே பேசவே வேண்டியதில்லை.

ஒரே காலையில் மூன்று வானிலைகளையும் நீங்கள் சந்திக்கலாம். குலசேகரத்தில் மழை, நாகர்கோவிலில் மூட்டம், தோவாளை தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயில் உலர்ந்த பெருங்காற்று. முப்பந்தலில் இத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமான அதே காற்று, ஈரச்சட்டையோடு வருகிறவரை மழையைவிட மோசமாக நடுங்க வைக்கும், ஏனெனில் காற்று எவ்வளவு உலர்ந்ததோ அவ்வளவு வேகமாக ஈரம் ஆவியாகும். தென்மேற்குப் பருவத்தில் கணவாய்க்குப் போகும்போது அந்தக் காற்று முதுகில் தள்ளும், திரும்பும்போது நெஞ்சில் அறையும். களைத்துப்போன இந்தத் திரும்பும் பாதியை மனத்தில் வைத்தே உடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மார்த்தாண்டத்திலிருந்து எல்லை தாண்டிப் பொன்முடி ஏறுகிறவர்கள் இன்னொரு கணக்கையும் போட வேண்டும். 1000 மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி குறையும். பொன்முடி ஏறக்குறைய 1100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வியர்வையில் ஊறி மேலே சேர்ந்து, மூடுபனிக்குள் நின்று படம் எடுத்துவிட்டு, 22 கொண்டை ஊசி வளைவுகளில் மிதிக்காமலே இறங்கும் அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் பையில் கூடுதலாக ஒரு துணி இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: தோலை ஒட்டிய துணி

பணம் குறைவாக இருந்தால் முதல் செலவை இதில் செய்யுங்கள். பருத்தி வேண்டாம். வெயிலில் பருத்தியைப்போல் சுகம் தரும் துணி இல்லை என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் மழையில் அது தண்ணீரைக் குடித்து, கனத்து, தோலில் ஒட்டி, மணிக்கணக்கில் காயாமல் கிடக்கும். சாதாரண ஈரப்பதத்திலேயே பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 விழுக்காடு நீரை இழைக்குள் வைத்திருக்கும், பாலியெஸ்டர் 0.4 விழுக்காடு மட்டுமே. நம்பாதவர்கள் ஒரு பருத்திப் பனியனையும் ஒரு பாலியெஸ்டர் ஜெர்சியையும் வாளித் தண்ணீரில் முக்கி, பிழிந்து, திண்ணையில் அருகருகே தொங்கவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்க்கலாம்.

இதற்கென்று விலை உயர்ந்த உள்ளாடை வாங்க வேண்டும் என்பதில்லை. நம் கடற்கரை ஊர்களில் ஒவ்வொரு கால்பந்து அணிக்கும் ஒரு ஜெர்சி உண்டு. அந்த மெல்லிய, கண்ணுக்குத் தெரியும் துளைகளுள்ள பாலியெஸ்டர்த் துணி சைக்கிளுக்கும் அப்படியே பொருந்தும். அளவு மட்டும் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் ஈரத்தைத் தோலிலிருந்து உறிஞ்சி வெளிப்புறத்துக்குக் கொண்டுபோகாது, காற்றில் படபடத்து மேலும் குளிரவைக்கும்.

மெரினோ கம்பளி பற்றிக் கேட்பவர்களுக்கு: அது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை வாங்கினாலும் தொடுவதற்கு நனைந்ததாகத் தோன்றாது, நனைந்த பின்னும் ஓரளவு சூட்டைக் காக்கும், நாற்றமும் எளிதில் பிடிக்காது. ஊட்டி, கொடைக்கானல் போகிறவருக்கு அது நல்ல முதலீடு. நாகர்கோவிலில் அன்றாடம் ஓட்டுபவருக்கு அது தேவையில்லை. உலர நேரமாகும், விலையும் மிகுதி.

மூன்றாம் படி: காற்றைத் தடுக்கும் கையில்லாச் சட்டை

தோலை ஒட்டிய துணிக்குப் பின் ஒரே ஒரு உருப்படியைத்தான் வாங்க முடியும் என்றால் நான் மழைச் சட்டையை விட்டுவிட்டு இதைத்தான் வாங்குவேன். முன்பக்கம் நெருக்கமாக நெய்த மெல்லிய நைலான், முதுகில் வலைத்துணி, கழுத்துவரை ஜிப். அவ்வளவுதான். மடித்தால் ஓர் ஆரஞ்சுப் பழத்தின் அளவுக்கு வந்துவிடும். இறக்கத்துக்கு முன் மாட்டி, ஏற்றத்தில் கழற்றி முதுகுப் பையில் செருகலாம். நெஞ்சும் வயிறும் சூடாக இருந்தால் கைகளுக்கும் இரத்தம் தாராளமாகப் போகும் என்பதால், கையில்லாத சட்டையாக இருப்பது குறையாகத் தெரியாது.

கடையில் வாங்கும்போது முன்பக்கத் துணியை வாயோடு அழுத்திப் பிடித்து ஊதிப் பாருங்கள். காற்று மறுபக்கம் சிரமப்பட்டே கசிய வேண்டும். தாராளமாகப் போனால் அது வெறும் அலங்காரம். ஜிப் நைலானாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். குளச்சல், முட்டம், மணக்குடிப் பக்கம் ஓட்டுபவர்களின் இரும்பு ஜிப்பை உப்புக்காற்று விரைவில் இறுக்கிவிடும். இதனுடன் ஒரு ஜோடி கழற்றக்கூடிய கைச்சட்டைகள், அதாவது மணிக்கட்டிலிருந்து தோளுக்குச் சற்றுக் கீழே வரை வரும் உறைகள், சேர்ந்துவிட்டால் சமவெளியில் ஆண்டின் பெரும்பாலான நாள்களை இந்த இரண்டையும் வைத்தே ஓட்டிவிடலாம்.

நான்காம் படி: மழைச் சட்டை

இங்கேதான் பணம் வீணாகிறது. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சந்தையில் மூன்று வகை உண்டு. முதலாவது, மோட்டார் சைக்கிள்காரர்கள் அணியும் கனத்த பிவிசி கோட்டும் பேண்ட்டும். மழையை முழுவதும் தடுக்கும். ஆனால் மிதிக்கத் தொடங்கிய கால் மணி நேரத்தில் உள்ளே வியர்வை வழிந்து, மழையில் நனைந்ததற்கும் இதற்கும் வேறுபாடு இல்லாமல் போகும். இரண்டாவது, போன்சோ எனப்படும் போர்வை போன்ற உறை. வடசேரியிலிருந்து கோட்டாறு வரை மெதுவாகப் போய்வர அதைவிட வசதியானது இல்லை, கீழே திறந்திருப்பதால் புழுக்கமும் குறைவு. ஆனால் ஆரல்வாய்மொழிப் பக்கம் அதை அணிந்து போகாதீர்கள். பக்கக்காற்று அதைப் பாய்மரமாக்கிச் சைக்கிளோடு உங்களை லாரிக்கு முன்னால் தள்ளிவிடும். மூன்றாவது, சைக்கிளுக்கென்றே வெட்டித் தைத்த மெல்லிய சட்டை.

மூன்றாவது வகையின் விவரச் சீட்டில் இரண்டு எண்கள் இருக்கும். மில்லிமீட்டரில் இருப்பது, எவ்வளவு உயரமான நீர்த்தம்பத்தின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்பதைச் சொல்கிறது. 10,000 இருந்தால் நம் மழைக்குப் போதும், 20,000 நாள் முழுவதும் கொட்டும் மழைக்கு. கிராமில் இருப்பது, ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் எவ்வளவு நீராவியை வெளியே விடும் என்பது. அதிலும் 10,000 என்று எழுதியிருந்தால் பெரிய எண்ணாகத் தோன்றும். 24ஆல் வகுத்தால் மணிக்கு 417 கிராம்தான். ஏற்றத்தில் முயன்று மிதிப்பவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரைகூட வியர்க்கலாம்.

அந்த 417 கிராமும் ஆய்வகத்துக் கணக்கு. நீரைத் தடுத்து நீராவியை மட்டும் வெளியே விட இந்தத் துணியில் ஒட்டியிருக்கும் நுண்துளைச் சவ்வு எதுவாக இருந்தாலும், ராபர்ட் கோர் 1969இல் கண்டறிந்த நீட்டிய டெஃப்லானிலிருந்து உருவான கோர்-டெக்ஸாக இருந்தாலும்கூட, உள்ளே நீராவி அழுத்தம் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் ஈரத்தை வெளியே தள்ளும். ஈரமான தோலருகே அந்த அழுத்தம் ஏறக்குறைய 5 கிலோபாஸ்கல். 8 டிகிரிக் குளிரில் மழை பெய்யும் ஐரோப்பிய ஊரில் வெளிக்காற்றில் அது 1 அளவுக்குத்தான் இருக்கும், வேறுபாடு 4. நம் ஊரில் 26 டிகிரியில், 95 விழுக்காடு ஈரப்பதத்தில் வெளியேயே 3.2 இருக்கும், வேறுபாடு 1.8. அதாவது, அங்கே பாராட்டுப் பெற்ற அதே சட்டை இங்கே பாதி வேலைகூடச் செய்யாது. சட்டையின் மேல் குற்றமில்லை, அது வேறொரு வானத்துக்காகச் செய்யப்பட்டது.

ஆகவே எண்களுக்குக் கொடுக்கும் பணத்தைத் திறப்புகளுக்குக் கொடுங்கள். அக்குளில் ஜிப், முதுகில் மடிப்புக்குள் மறைந்த வலைத்துணி, மேலும் கீழும் திறக்கும் முன் ஜிப் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். தையல்களின் உட்புறத்தில் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் துணி தாங்கினாலும் தோள் தையல் வழியே நீர் இறங்கும். பின்புறம் இருக்கையைத் தாண்டி நீண்டிருக்கட்டும். தலைமறைப்பு வேண்டாம், திரும்பிப் பார்க்கும்போது அது கண்ணை மறைக்கும், வேகத்தில் காற்றை வாங்கி உப்பும்.

அணிந்து பார்க்கும்போது கண்ணாடி முன் நிமிர்ந்து நிற்காதீர்கள். குனிந்து, ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் இரண்டு கைகளையும் நீட்டுங்கள். மணிக்கட்டு வெளியே தெரிகிறதா, இடுப்பில் முதுகு தெரிகிறதா, கழுத்தருகே துணி கிண்ணம்போல் விரிந்து தண்ணீர் வாங்குமா என்பதெல்லாம் அப்போதுதான் புலப்படும். முதன்முறை வாங்கியபோது நான் நிமிர்ந்து நின்று திருப்திப்பட்டு வந்தேன். முதல் மழையிலேயே இரண்டு கைகளும் முழங்கை வரை நனைந்தன.

ஐந்தாம் படி: இடுப்புக்குக் கீழே

கால்கள் உழைப்பதால் அவற்றுக்குக் குளிர் அதிகம் தெரியாது. சமவெளியில் மழைப் பேண்ட் வேண்டியதில்லை. வெறுங்காலில் நனைந்து உலர்வதே நல்லது. அலுவலகம் போகிறவர்கள் அணிந்தே ஆக வேண்டுமென்றால், வலக்காலின் கீழ்ப்பகுதியை ஒரு பட்டையால் கட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சங்கிலி கடித்துவிடும். பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக் கூடாது. ஈரமான தையல் தொடையில் உரசிப் புண்ணாக்கும். புறப்படும் முன் உரசும் இடங்களில் வாசலின் தடவிக்கொள்வது நீண்ட பயணத்தைக் காப்பாற்றும். மலைக்குப் போவதாக இருந்தால் மட்டும், முழங்காலை மூடும் உறை ஒரு ஜோடி எடுத்துச் செல்லுங்கள்.

இன்னொன்று, உடைக் கடையில் கிடைக்காதது: மட்கார்டு. நம் உடம்பில் விழும் தண்ணீரில் பெரும்பகுதி சாலையிலிருந்து சக்கரம் வாரி இறைப்பது. செம்மண் கரைந்த அந்த நீர் முதுகில் ஒரு கோடு போட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. விலை உயர்ந்த சட்டை அணிந்து மட்கார்டு இல்லாமல் போவது, ஓட்டைக் கூரையின் கீழ்ப் பட்டுப்பாய் விரிப்பதற்குச் சமம்.

ஆறாம் படி: தலை, கண், கை, கால்

ஹெல்மெட்டுக்குள் முன்விளிம்புள்ள மெல்லிய தொப்பி ஒன்று போதும். மழை கண்ணில் அடிக்காது. தெளிந்த கண்ணாடி அணியுங்கள். ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் சாலைகளில் மழை நாளில் நண்பகலிலும் இருட்டாக இருக்கும் என்பதால் கறுப்புக் கண்ணாடி ஆபத்தானது. உட்புறத்தில் சோப்பை மிக லேசாகத் தடவித் துடைத்தால் ஆவி படிவது குறையும்.

கையுறை விஷயத்தில், கீழே இருக்கும்வரை அரைவிரல் உறையே போதும். மலை இறக்கத்தில் விரல் மரத்தால் பிரேக் பிடிக்க முடியாது; அதற்காக ஒரு ஜோடி மெல்லிய ரப்பர்க் கையுறையைப் பையில் போட்டு வைத்து, வேண்டும்போது வழக்கமான உறைக்குள் அணியலாம். இத்தனை ரப்பர் விளையும் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. மழைக்காலத்தில் பால்வெட்டு நிற்காமலிருக்க மரத்துக்கே பாலித்தீன் பாவாடை கட்டும் ஊர்தானே இது.

காலுக்கு, சமவெளியில் பின்வார் உள்ள சாண்டல்தான் சிறந்தது. தண்ணீர் வந்த வழியே போய்விடும். ஹவாய்ச் செருப்பு பெடலில் வழுக்கும். பூட்ஸ்தான் வேண்டும் என்பவர்கள் பருத்திக் காலுறையைத் தவிர்க்கட்டும். குளிர்ப் பகுதிக்குப் போகும்போது, காலுறைக்கு மேல் ஒரு பாலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு பூட்ஸ் போட்டால் இறக்கத்தில் காற்று புகாது.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். கடைகளில் மழைச் சட்டை பெரும்பாலும் கறுப்பாகவும் கடல்நீலமாகவுமே தொங்கும். பளிச்சென்ற மஞ்சளோ ஆரஞ்சோ கேட்டு வாங்குங்கள். இரவுக்கு, ஒளியைத் திருப்பும் பட்டை கணுக்காலில் இருந்தால் மிதிக்கும்போது மேலும் கீழும் அசைந்து, வருவது ஒரு மனிதர் என்பதை ஓட்டுநருக்குத் தொலைவிலேயே காட்டிவிடும்.

ஏழாம் படி: சாலையில் பயன்படுத்துவது

நடுங்கத் தொடங்கிய பின் உடுத்துவது தாமதம். ஏற்றத்தின் உச்சியில் நின்றவுடன், உடம்பு இன்னும் சூடாக இருக்கும்போதே காற்றுச் சட்டையை அணியுங்கள். ஏற்றம் தொடங்கும் முன்பே மழைச் சட்டையைக் கழற்றுங்கள், மழை பெய்துகொண்டிருந்தாலும்கூட. வெதுவெதுப்பான மழையில் ஏறும்போது நனைவதால் கெடுதி இல்லை. வியர்த்து ஊறிய சட்டையோடு இறங்குவதே கெடுதி. உலர்ந்த ஒரு ஜெர்சியையும் ஒரு சிறு துவர்த்தையும் பாலித்தீன் பையில் கட்டி எடுத்துச் செல்லுங்கள். புறப்பட்ட முதல் பத்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் ஒரு துணி கூடுதல் என்று பொருள்.

எட்டாம் படி: துவைப்பதும் வைப்பதும்

மழைச் சட்டையின் மேற்பரப்பில் நீர் முத்து முத்தாக உருள்வதற்குக் காரணம் ஒரு மெல்லிய பூச்சு. அழுக்கும் வியர்வையும் படிந்தால் நீர் உருளாமல் துணியில் பரவும். சட்டை கெட்டுவிட்டதென்று பலரும் அப்போதே தூக்கி எறிகிறார்கள். குறைந்த சோப்பில் துவைத்து, நன்றாக அலசி, சீட்டில் அனுமதித்திருந்தால் மேலே ஒரு துணியை விரித்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் பெரும்பாலும் பூச்சு உயிர் பெறும். துணியை மென்மையாக்கும் திரவத்தை ஒருபோதும் சேர்க்காதீர்கள். அது மழைச் சட்டையின் பூச்சையும், ஜெர்சியின் உறிஞ்சும் திறனையும் ஒருங்கே கெடுக்கும்.

நம் ஊரில் சட்டைகள் ஓட்டியதால் கெடுவதைவிட மடித்து வைத்ததால் கெடுவதே மிகுதி. பாலியூரித்தேன் பூசிய துணியை ஈரத்தோடு அலமாரியில் வைத்தால், ஈரமும் வெப்பமும் அந்தப் பூச்சைச் சிதைத்து, அடுத்த ஆனியில் எடுக்கும்போது உட்புறம் பிசுபிசுத்துத் தோல் உரிவதுபோல் உரியும். பூசணமும் பிடிக்கும். வெயிலில் நேரடியாகக் காயப்போடாமல், விறாந்தையில் காற்றோட்டமான இடத்தில் உட்புறத்தை வெளியே திருப்பித் தொங்கவிட்டு, அக்குள் தையல் உலர்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்த பின், மடிக்காமல் ஹேங்கரிலேயே மாட்டி வையுங்கள். மே மாதக் கடைசியில் ஒருமுறை எடுத்து, தோள்மேல் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றி, தையல் பட்டைகள் உறுதியாக ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். பிரிந்திருந்தால் புதிது வாங்கவோ பட்டையை மீண்டும் ஒட்டவோ சாரல் தொடங்குவதற்குள் நேரம் இருக்கும்.